டேப்பில் 120தாண்ணா வந்துச்சு!

பன்னிரண்டு துண்டு. ஒன்றிரண்டு இல்லை, பன்னிரண்டு துண்டு ஸ்கொயர் டியூப், ஒவ்வொன்றும் சரியாகப் பத்து சென்டிமீட்டர் குறைவு. இன்று காலை பட்டறைத் தரையில் அவை வரிசையாக அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏறிய சூட்டுக்கு வேலூர் வெயில் ஒன்றுமே இல்லை.

நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் எனக்கு ஆறும்.

காட்பாடி பக்கம் ஒரு வீட்டுக்கு ஆறு ஜன்னல் கிரில். எல்லாம் ஒரே அளவு, அகலம் 120, உயரம் 135. நானே போய் அளந்து, மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்து, தாளில் எழுதிக் கொண்டு வந்தேன். அகலத்துக்கு மட்டும் பன்னிரண்டு துண்டு வேண்டும். பட்டறையில் இருந்த டேப்பின் முனைக் கொக்கி போன வாரமே பிய்ந்து போய்விட்டது, முதல் இரண்டு மூன்று எண்கள் தேய்ந்து தெரியவே தெரியாது. பட்டறையில் இதெல்லாம் சகஜம். பத்தாம் நம்பரைக் குழாயின் முனையில் வைத்துப் பிடிப்போம், அந்தப் பத்தைச் சேர்த்து மார்க் பண்ணுவோம், அவ்வளவுதான். "தம்பி, முனை போயிடுச்சு, பத்துல இருந்து பிடிச்சு 120 வெட்டு" என்று சொல்லிவிட்டு கட்டிங் டிஸ்க் வாங்கக் கிளம்பினேன்.

அந்தத் தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ. 84 சதவீதம். வந்து இரண்டு மாதம் ஆகிறது. சோம்பேறி இல்லை, வேலை நேரத்தில் போன் நோண்டுகிறவன் இல்லை, எட்டரைக்கு வா என்றால் எட்டேகாலுக்கு வாசலில் நிற்பான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும், ஏனென்றால் என் கோபம் அவன் மேல் இல்லை.

திரும்பி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது துண்டுகள் இல்லை, மிச்சம். 20 அடிக் குழாய் என்றால் 609 சென்டிமீட்டரும் கொஞ்சமும். அதில் 120 வீதம் ஐந்து துண்டு போட்டால், வெட்டில் போகும் சேதாரம் நீங்கலாக நாலு விரற்கடை மிஞ்சும். அங்கே கிடந்த மிச்சமோ கிட்டத்தட்ட இரண்டு அடி. பார்த்த நொடியே வயிற்றில் புளி கரைத்தது.

"தம்பி, இது எவ்ளோப்பா?"

"நூத்தி இருவதுண்ணா."

மேஸ்திரி அண்ணனின் டேப்பை வாங்கி வைத்துக் காட்டினேன். 110.

"டேப்ல 120தாண்ணா வந்துச்சு."

"எங்க இருந்து பிடிச்ச?"

"நீங்க சொன்ன மாதிரி பத்துல இருந்துண்ணா."

"பத்துல ஆரம்பிச்சு நூத்தி இருவதுல முடிஞ்சா நீளம் எவ்ளோ?"

"நூத்தி இருவது."

"அப்போ அந்தப் பத்து எங்கப்பா போச்சு?"

குழாயைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேள்வியே புரியவில்லை அவனுக்கு. டேப்பில் எழுதியிருக்கும் எண்தான் நீளம். அவன் பார்த்த எண் 120. அதற்கு மேல் இந்த ஆள் ஏன் கத்துகிறான்?

சரி, நிதானமாகப் போவோம் என்று, "நூத்தி இருவதுல பத்து போனா?" என்றேன். கை பாக்கெட்டுக்குப் போனது. "போன் வேணாம், வாயால சொல்லு." "நூத்தி பத்து." அப்பாடா, வழிக்கு வந்துவிட்டான். "அப்போ நமக்கு நெஜமாவே 120 வேணும்னா, பத்துல இருந்து பிடிச்சு எந்த நம்பர்ல மார்க் பண்ணணும்?"

ரொம்ப நேரம் யோசித்தான். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் நிறுத்திவிட்டு எல்லோரும் இவன் வாயையே பார்த்தார்கள்.

"நூத்தி பத்துலண்ணா."

அப்படி வெட்டியிருந்தால் துண்டு 100 வந்திருக்கும்! "இன்னாபா இது, பத்து வுட்டா பத்து சேக்கணும்னு கூடவா தெர்ல?" என்று மேஸ்திரி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் படித்தது ஐந்தாவது. நூல் கணக்கில் பேசுவார், எட்டு நூல் ஒரு இன்ச். கேட் சட்டம் மூலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்று அடி, மறுபக்கம் நாலு அடி குறித்து, குறுக்கே ஐந்து அடி வருகிறதா என்று பிடிப்பார். பிதாகரஸ் என்ற பெயரை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. தம்பி அந்தத் தேற்றத்துக்கு நிரூபணமே எழுதி மார்க் வாங்கியவன்.

கடைசியில் சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டேன். 10, 20, 30 என்று கட்டம் பிரித்தேன். பத்துல இருந்து இருபது வரைக்கும் எத்தனை? பத்து. பத்துல இருந்து முப்பது வரைக்கும்? இருபது. பத்துல இருந்து நூத்தி முப்பது வரைக்கும்? அங்கேதான் அவன் முகம் மாறியது. "ஓ! நூத்தி முப்பதுல மார்க் பண்ணணுமாண்ணா!" வயது 21. பத்து வருடப் பள்ளிக்கூடம், மூன்று வருட டிப்ளமோ. டேப் என்றால் என்ன என்று அவனுக்கு இன்றைக்குத்தான், பட்டறைத் தரையில், சாக்பீஸ் கோட்டில் விளங்குகிறது.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது அவனுக்கு "நடத்தப்பட்ட" பாடம். வெர்னியர், அதுதான் நுணுக்கமாக நீளம் அளக்கும் கருவி, தெரியுமா என்று கேட்டேன். மடமடவென ஒப்பித்தான். மீச்சிற்றளவு என்றால் முதன்மைக் கோலின் ஒரு பிரிவுக்கும் வெர்னியர் கோலின் ஒரு பிரிவுக்கும் உள்ள வித்தியாசம், 0.01 சென்டிமீட்டர். சுழிப்பிழை இரண்டு வகை, நேர் சுழிப்பிழை, எதிர் சுழிப்பிழை. ஒரு எழுத்து பிசகவில்லை. அடப்பாவிகளா, முனை பிய்ந்த டேப்பும் அதே கதைதானே! சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு எண் இருக்கிறது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள் என்பதுதானே சுழிப்பிழை! அந்தச் சொல்லையும் இந்தக் குழாயையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் கூடவா இவனுக்குச் சொல்லித் தரவில்லை?

"வெர்னியரைக் கையில பிடிச்சிருக்கியா?"

"ஸ்கூல்ல ரெண்டு இருந்துச்சுண்ணா, பீரோவுல."

"ரெக்கார்டு நோட்டுல ரீடிங் எழுதியிருப்பியே?"

"போன வருஷத்து அண்ணனுங்க நோட்டைப் பார்த்து எழுதினோம்ணா. எல்லாருக்கும் ஒரே ரீடிங்."

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். முழுசாகப் போட்டுவிடுவார்கள், பிள்ளைகளின் வாழ்க்கை கெடக் கூடாதாம். இவனுக்கு எழுத்துத் தேர்வும் நடக்கவில்லை. 2020 செட். கொரோனாவில் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்துவிட்டு, காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் எடுத்து எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அப்போது வேறு வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் திறந்த பிறகு, விட்டுப்போனதை உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க வேண்டாமா? டிப்ளமோவின் முதல் வருடம் ஆன்லைனில் ஓடியது. லேப் என்று வீடியோ காட்டினார்கள். எவரோ ஒருவர் கை வெர்னியரைப் பிடிப்பதைப் போனில் பார்த்துத்தான் இவன் மெக்கானிக்கல் ஆனான். யாரையும் ஃபெயில் ஆக்கு என்று நான் கேட்கவில்லை. தெரியாதவனுக்குத் தெரிந்ததாகச் சான்றிதழ் கொடுத்து என் பட்டறைக்கு அனுப்பாதே என்கிறேன்.

இவன் ஒருவன்தான் இப்படி என்றால் மனசைத் தேற்றிக்கொள்வேன். கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் 2023ல் எடுத்த, பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் ஆய்வில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பொருளின் ஒரு முனை ஸ்கேலின் சுழியத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 85 சதவீதம் பேர் நீளத்தைச் சரியாகச் சொல்கிறார்கள். அதே பொருளைச் சுழியத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தால் 39 சதவீதம். நகர்த்தி வைத்தால் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காலி! என் பட்டறையில் நடந்ததைத்தான் நாடு முழுக்க அளந்து அச்சடித்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டு எல்லோரும் நன்றாகத் தூங்குகிறார்கள். அதற்கும் முன்னால், பன்னாட்டுப் பீசா தேர்வின் 2009 சுற்றில் நம் தமிழ்நாடும் இமாச்சலமும் கலந்துகொண்டு கடைசி வரிசையில் நின்றன. உடனே என்ன செய்தோம்? அடுத்தடுத்த தேர்வுகளுக்கே இந்தியா போகவில்லை. காய்ச்சல் கூடக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டால் காய்ச்சல் இறங்கிவிடுமா?

மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறார். அவரிடம் போனில் புலம்பினால் அவர் எனக்கு மேல் புலம்புகிறார். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸ் ஏறினால் நீளம் மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர் ஏறும். வேலைக்கு வருகிறவர்களிடம் அதையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, 38ல் இருந்து 42க்கு நீளம் எவ்வளவு கூடும் என்று கேட்பாராம். டிகிரி முடித்த பையன் 38, 39, 40, 41, 42 என்று விரல் விட்டு எண்ணி, ஐந்து சைஸ் என்கிறானாம். நாலு என்று யாராவது சொன்னாலும், அதை மூன்றில் இரண்டால் பெருக்கச் சொன்னால் அங்கே நிற்கிறதாம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், இதைவிட மோசம். அங்கே உப்பிலிருந்து குரோம் வரை எல்லாமே தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கு. 1500 கிலோவுக்கு 8 சதவீதம் என்றால் 120 கிலோ. புள்ளி ஒரு இடம் தள்ளினால் ஒரு டிரம் தோல் போச்சு, அது போய்ச் சேரும் இடம் பாலாறு.

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். கோயிலுக்கு 1981ல் ஜலகண்டேஸ்வரர் வந்துவிட்டார். மார்க் ஷீட்டுக்குள் கணக்கு எப்போது வரும்?

அக்கா பெண் படித்த தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடவில்லை. ஜூனிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். அடித்தளம் போடாமல் மாடி கட்டினார்கள். 2017-18ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்ததே இந்த அநியாயத்தால்தான். அதற்கப்புறமும் "இம்பார்ட்டன்ட் கொஸ்டின்" குறித்துக் கொடுக்கும் பழக்கம் போகவில்லை. எடுத்துக்காட்டுக் கணக்கில் எண்ணை மாற்றினால் பிள்ளைகள் "அவுட் ஆஃப் சிலபஸ்" என்கிறார்கள். பெற்றோரும் சேர்ந்து சண்டைக்குப் போகிறார்கள், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இத்தனைக்கும் எந்த ஊர்க்காரர்கள் நாம்? ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கி, 1986ல் திறந்தது, வடிவமைத்ததும் செய்ததும் நம் நாட்டிலேயே. ஒரு ஜன்னலை ஒரு நூல் பிசகாமல் செய்வதற்குள் எனக்கு நாக்குத் தள்ளுகிறது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சின்னப் பங்கு கூடப் பிசகாமல் அத்தனை பெரிய கண்ணாடியை இழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும். அதே மலையிலிருந்து 1988ல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். என் மகள் பள்ளியில் ஒவ்வொரு டிசம்பர் 22க்கும் ராமானுஜன் வேஷம் கட்டச் சொல்கிறார்கள். வேஷ்டி, கோட்டு, நெற்றியில் நாமம். அன்றைக்கு ஒரே ஒரு கணக்காவது போட்டீர்களா என்று மகளிடம் கேட்டேன். இல்லையாம், போட்டோ எடுக்கவே நேரம் சரியாகிவிட்டதாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதரைக்குத் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. வீட்டுக் கட்டில் காலை அளந்திருக்கிறான். "அண்ணா, 37ல இருந்து பிடிச்சேன், 82ல முடியுது. 45தானே?"

45தான் தம்பி. 45தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். என்னாச்சு என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். போனைக் காட்டினேன். "நல்ல பையனாத்தானே இருக்கான், அவன எதுக்குத் திட்டினீங்க?" என்கிறாள்.

நாளைக்குப் புதுசாக மூன்று லெங்த் குழாய் இறங்க வேண்டும். எங்கே இறங்கும்? பாதாளச் சாக்கடைக்கு என்று எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டு மூன்று மாதம் ஆகிறது, லோடு ஆட்டோ உள்ளே வராது. தெருமுனையில் இறக்கி 20 அடிக் குழாயைத் தோளில் சுமந்து வர வேண்டும். தோண்டினீர்களே, மண்ணை ஒரு பக்கமாவது கொட்டக் கூடாதா? இரண்டு பக்கமும் கொட்டி வைத்தால் மனுஷன் எந்தப் பக்கமய்யா நடப்பான்?