கேட்காமல் ஏன் செய்தாய்?

எழுதக் கூடாது என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன். முடியவில்லை. ஒரு சிறு ராணுவக் குழுவுக்கு, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர உத்தரவு. வழியில் பாலம் மூழ்கிக் கிடக்கிறது. வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும். கூட இருந்த எட்டுப் பேரை மேட்டுப் பக்கமாக அழைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் போய் நின்றான் அந்த இருபது வயதுப் பையன். அதிகாரியிடம் கிடைத்த பாராட்டு, எல்லோர் முன்னிலையிலும், "கேட்காமல் ஏன் செய்தாய்?" யாரிடம் கேட்பது? வெள்ளத்திடமா?

"ராணுவம் என்றால் கட்டுப்பாடு" என்று பாடம் எடுக்க வருவீர்கள். நானும் பதினேழு வருடம் சல்யூட் அடித்தவன்தான். போய்ச் சேர் என்பது உத்தரவு, சேர்ந்தான். பாதை மட்டும் அவனுடையது. இன்று எட்டுப் பேருக்காக முடிவெடுக்க விடாதவனை, நாளை எண்பது பேருக்கு எப்படித் தலைவனாக்குவீர்கள்? தோளில் பட்டை குத்தினால் போதுமா?

1944, இரண்டாம் உலகப் போர், பிரான்சின் நார்மண்டி. வயல்களைச் சுற்றி வேர் பின்னிய மண்வரப்புகள். டாங்கி ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், மெல்லிய அடிவயிறு எதிரிக்குத் தெரியும். முன்னால் இரும்புப் பற்கள் வைத்து அறுத்தால் என்ன என்று ஒரு சிப்பாய் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தார்கள். கர்ட்டிஸ் கலின் என்ற அமெரிக்க சார்ஜென்ட் சிரிக்கவில்லை. ஜெர்மானியர்கள் கடற்கரையில் நட்டிருந்த இரும்புத் தடுப்புகளையே வெட்டிப் பற்களாக்கி, டாங்கியின் முன்னால் பற்றவைத்தார். அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் பிராட்லி வந்து பார்த்துவிட்டு நூற்றுக்கணக்கில் செய்யச் சொன்னார். "கேட்காமல் ஏன் பற்றவைத்தாய்?" என்று அவர் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

ஆளாளுக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்கிறீர்களா? நியாயம்தான். சொல்லாமல் இடம் மாறுகிறவன் மீது சொந்தப் பீரங்கியே குண்டு போடலாம். அதனால்தான் போய்ச் சேர்ந்ததும் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். திறக்க விட்டீர்களா? "தவறியிருந்தால்?" தவறியிருந்தால் திட்டுங்கள். தவறவில்லையே!

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், சேர்ந்த புதிதில் ஒரு லாரியில் சுமை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நானே இறக்கி, மாற்றிக் கட்டினேன். "உன்னை யார் யோசிக்கச் சொன்னது?" என்றார் மேலதிகாரி. சரி என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, அதே லாரியின் கயிறு நைந்து, கடைசி இரண்டு இழையில் நிற்பதைப் பார்த்தேன். பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். வழியில் அறுந்தது. பாதிச் சுமை சாலையில் உருண்டது.

"இத்தனை பேரில் ஒருவன் கண்ணிலுமா படவில்லை?" என்று கத்தினார். அதே அதிகாரிதான்.