ஈழத்தலரி ஈழத்துப் பூ இல்லை

கோயில் வாசலில் உதிர்ந்து கிடக்கிற ஈழத்தலரிக்குப் பேரிலேயே ஈழம் இருக்கிறது. பிறந்த இடமோ மத்திய அமெரிக்காவும் கரிபியத் தீவுகளும். கடதாசிப்பூ தென்னமெரிக்கா, நித்தியகல்யாணி மடகஸ்கார். நாகலிங்கமும் தென்னமெரிக்க மரம்தான். 1881இல் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. கொழும்புத் தெருக்களைப் பார்த்து இந்தத் தீவின் பூவளத்தை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

இங்கே இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் 3,000 வகைக்கு மேல். அதில் காற்பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்தில் இருக்கின்றன. ஹொர என்கிற மழைக்காட்டு மரத்தின் குடும்பத்தை எடுங்கள்: விதை பாரம், தாய்மரத்துக்குக் கிட்டவே விழும், காய்ந்தால் செத்துப்போகும். கடலைத் தாண்டுவது இருக்கட்டும், பக்கத்து மலைக்கே போகாது. அதனால்தான் இத்தனை தனி இனங்கள். அதே காரணத்தால், காட்டை வெட்டிவிட்டு 'விதை சேமித்து வைத்திருக்கிறோம்' என்று சொல்லவும் முடியாது.

வெள்ளவத்தை பிளாட்டில் ஹொர வளராது. தண்ணியில் பூக்கும் நீல அல்லியான நீலோற்பலம் வளரும். 1986இல் தேசியப் பூவானது அதுதான். ஆனால் அந்தப் பேரில் கடைகளில் விற்கும் கடும் ஊதாப் பூ, வெளிநாட்டு இரத்தம் கலந்த கலப்பினம். உள்ளூர்ப் பூ வெளிர்நீலம், சிலவேளை வெள்ளைக்குக் கிட்ட, இதழும் குறைவு. பூத்திருக்கும்போது பார்த்து வாங்குங்கள், கிழங்காக வாங்கினால் ஏமாறுவீர்கள்.

ஒன்றரை அடி அகலப் பேசின் போதும். அடியில் அரை அடிக்குக் களிப்பான வயல் மண். கொம்போஸ்ட் வேண்டாம்: மிதக்கும், அழுகும், தண்ணி நாறும். கிழங்கின் குருத்து மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், புதைத்தால் அழுகல்தான். மேலே சிறுகல் பரப்பி, முக்கால் அடித் தண்ணி விடுங்கள். பைப் தண்ணியென்றால் ஒருநாள் ஆறவிட்டு, பிறகு ஐந்தாறு கப்பி மீன். மீன் இல்லாவிட்டால் நுளம்புப் புழுதான் வரும். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்களிடம் தேசியப் பூ என்று சொல்லித் தப்பமுடியாது! பசளையைக் கடதாசியில் சுற்றி வேருக்குக் கிட்டப் புதையுங்கள். தண்ணியில் தூவினால் பாசிக்குத்தான் விருந்து. இலை மட்டும் வந்து பூ வராவிட்டால் பெரும்பாலும் வெயில் போதவில்லை: ஐந்து, ஆறு மணித்தியாலம் நேர்வெயில் வேண்டும்.

பெருகினால் மீனையோ கிழங்கையோ வாய்க்காலில் விடாதீர்கள். ஊதாக் கலப்பினமென்றால் அறவே கூடாது. குளத்தில் இறங்கினால் உள்ளூர்ப் பூவின் இடத்தைப் பிடித்துவிடும். கிழங்கை வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.