கிணற்றடியில் கற்றுக்கொண்டது

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் ‘ஜைனம்’ என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: “நீ சேட்டு வீட்டுப் பொண்ணா? தமிழ் இவ்வளவு நல்லா பேசுறியே!”

வந்தவாசிப் பக்கம் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஊரில் எங்களை நயினார் என்பார்கள். எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பேசியதும் தமிழ்தான். பள்ளிப் புத்தகத்தில் சமணம், அதாவது ஜைனம், எப்போதும் இறந்தகாலத்திலேயே வரும். சமணர்கள் வாழ்ந்தார்கள், குகைகளில் தங்கினார்கள், கற்படுக்கை வெட்டினார்கள். அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் ஒரு சமணப் பிள்ளை உட்கார்ந்திருப்பது ஆசிரியருக்கே தெரியாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜைனர்கள் மொத்தம் சுமார் 89 ஆயிரம் பேர். வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் அதில் சேர்த்தி. எங்களை மாதிரித் தமிழ்ச் சமணர்கள் அதில் ஒரு பங்குதான்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத்தான் கோடை முகாம்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒரு மண்டபத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து இந்தியில் வகுப்பு. இடையிடையே ஒருவர் தமிழில் சுருக்கிச் சொல்வார். கடைசி நாள் சுலோகம் ஒப்பித்தவர்களுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். “உருளைக்கிழங்கு ஏன் சாப்பிடக் கூடாது?” என்று எழுந்து கேட்டேன். “பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்” என்று உட்காரவைத்துவிட்டார்கள். அப்புறம் பதினோரு வருடம் எந்த முகாம் பக்கமும் நான் போகவில்லை.

இந்த மே மாதம் அத்தை விடவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் ஐந்து நாள். சரி, அத்தைக்காகப் போவோம் என்றுதான் கிளம்பினேன்.

அங்கே முதல் நாள் காலையில் பார்த்ததை எழுதியே ஆக வேண்டும். சமையலுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு வயதான அம்மா கிணற்றடிக்கு வந்தார். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். இது எங்கள் வீட்டிலும் உண்டு. குழாயில் துணி கட்டியிருப்பார்கள். ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீரையே அதன் மேல் விட்டு அலசி, அந்த நீரை வாளியில் பிடித்தார். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, சத்தமில்லாமல் சாய்த்தார். “மேலேர்ந்து ஊத்தினா அடிபடும்மா. இந்தக் கிணத்து உசுரு இந்தக் கிணத்துக்கே போவணும்” என்றார்.

கண்ணுக்கே தெரியாத உயிருக்கு அடிபடக் கூடாது என்று கயிற்றைக் கை நடுங்க நடுங்க இறக்குகிற ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அகிம்சை என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்து நூறு தடவையாவது ஒப்பித்திருப்பேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் புரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் கேட்ட கிழங்குக் கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. தோண்டும்போது செடியும் மண்ணில் இருக்கிற புழு பூச்சியும் சேர்ந்து சாகும். ஐந்து நிமிடத்தில் அந்த அம்மா சொல்லி முடித்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பந்தி. சுரைக்காய்க் கூட்டும் வாழைக்காய்ப் பொரியலும். இருட்டிய பிறகு அடுப்பு கிடையாது. விடியற்காலையில் சாமாயிகம் என்கிற தியானம், இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். முதல் இரண்டு நாள் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். மூன்றாம் நாள் கொஞ்சம் பிடிபட்டது.

நான்காம் நாள் திருநாதர்குன்றுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே பாறையில் எங்கள் வழிகாட்டிகளான 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களும், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. அங்கேயே ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரிகர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்த இடம் என்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து மிகப் பழங்காலத்திலேயே காணப்படும் கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் அந்த எழுத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்துவிட்டு, “இது தற்கொலைதானே?” என்றான்.

இந்த முறை யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. கூட வந்த பெரியவர் பாறை நிழலில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் பேசினார். இப்படி உண்ணாமல் இருந்து உயிர் விடுவதைச் சல்லேகனை என்பார்கள். 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலைக்குச் சமம் என்றதையும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்ததையும் மறைக்காமல் சொன்னார். உடம்பு இனி தாங்காது என்று தெரிந்தபின், கோபமோ பயமோ இல்லாமல் பற்றை விடுவதுதான் அது என்றார். வீட்டில் இருக்கிற முதியவருக்குச் சோறு போடாமல் இருக்க யாராவது இந்தப் பெயரைப் பயன்படுத்தினால், அது கொலை என்றும் சொன்னார். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை. அதையும் அவரிடமே சொன்னேன். “வரலேன்னா பரவாயில்ல, யோசிச்சுகிட்டே இரு” என்றார்.

முகாம் நடத்துகிற பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான். வகுப்பைத் தமிழில் நடத்துங்கள். சுலோகப் போட்டி இருக்கட்டும், அதற்கு அரை நாள் போதும். மீதி நேரத்தில் பிள்ளைகளை மலைக்கும் கிணற்றடிக்கும் கூட்டிப்போங்கள். வடிகட்டுகிற துணியை அவர்கள் கையில் கொடுங்கள். ஏன் என்று கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள். என்னை அடக்கியதில் போனது பதினோரு வருடம்.

என் சித்தப்பா மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அடுத்த மே மாதம் அவனையும் அழைத்துக்கொண்டு போகிறேன். கயிற்றை மெதுவாக இறக்க அந்த அம்மாவிடமே அவன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.