பொறியில் விழுந்த எலியும் விளிம்பில் இருந்த முட்டையும்

வெலிங்டனில் எங்கள் வீட்டுப் பின்புற வேலியோரம் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனையில் எலி நுழையும் அளவுக்கு ஒரு துளை, உள்ளே விசைப்பொறி, அதன் நாக்கில் சுண்டைக்காய் அளவு வேர்க்கடலை வெண்ணெய். சனிக்கிழமை காலையில் அதைத் திறந்து பார்ப்பதும், எலி விழுந்திருந்தால் குழி தோண்டிப் புதைப்பதும், கணக்கைத் தெருக்காரர்களுக்குத் தெரிவிப்பதும் என் பொறுப்பு. ஊரிலிருந்து மூன்று மாதம் வந்து தங்கியிருந்த அம்மா ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கம்பி எலியின் கழுத்தில் பதிந்திருந்தது. மீசையில் வெண்ணெய் இன்னும் ஒட்டியிருந்தது. "பாவம்ப்பா, அதுவும் உசுருதானே. வீட்டுக்குள்ளயா வந்துச்சு? தோட்டத்துலதானே திரிஞ்சுது" என்றார். நான் அன்று ஏதோ பாதிப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நியூசிலாந்தில் மனிதர் காலடி வைக்கும்வரை வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இல்லை. பறவைகளுக்கு ஆபத்து என்றால் அது வானத்திலிருந்து பாயும் கழுகும் வல்லூறும்தான். அவை கண்ணால் வேட்டையாடுபவை. ஆகவே அசையாமல் உறைந்து நின்றால் பிழைக்கலாம் என்பதைப் பல லட்சம் ஆண்டுகளில் இந்தப் பறவைகளின் உடல் கற்றுக்கொண்டது. பறக்கத் தெரியாத, இரவில் நடமாடும், பாசிப்பச்சை நிறத்தில் நான்கு கிலோ வரை எடை வரும் காக்காப்போ கிளி இன்றும் ஆபத்து நேரத்தில் அப்படியே நிற்கிறது. ஆனால் மாவோரி மக்களோடு வந்த பசிபிக் எலியும், ஐரோப்பியக் கப்பல்களில் வந்த கப்பல் எலியும் பூனையும், முயல்களை ஒழிப்பதற்கென்று 1880களில் வேண்டுமென்றே கொண்டுவரப்பட்ட ஸ்டோட் என்ற கீரி போன்ற விலங்கும் மூக்கால் தேடுபவை. காக்காப்போவின் உடலிலோ தேனும் பூஞ்சையும் கலந்தாற்போல் ஒரு வாசனை வீசும். அசையாமல் நிற்பது அதற்கு எமனாக முடிந்தது.

1894இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் தென்மேற்குக் கரையிலுள்ள ரெசல்யூஷன் தீவின் காப்பாளராக அமர்த்தப்பட்டார். அவர் நாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு காக்காப்போக்களையும் கிவிகளையும் பிடித்து, படகில் ஏற்றி, நூற்றுக்கணக்கில் அந்தத் தீவில் கொண்டுபோய் விட்டார். கடல்தான் அரண் என்று நம்பினார். 1900இல் அந்தத் தீவிலேயே ஒரு ஸ்டோட்டைக் கண்டார். அது நீந்தி வந்திருந்தது. ஆறு ஆண்டு உழைப்பு அந்த ஒரு காட்சியில் முடிந்துபோனது. அந்த மனிதரின் மன நிலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் இன்று இந்த நாடு செய்யும் எல்லாவற்றுக்கும் விதை அவர் போட்டதுதான்.

அம்மாவிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது 1964இன் கதை. தெற்கே ஸ்டூவர்ட் தீவை ஒட்டிய பிக் சவுத் கேப் தீவில், ஆண்டுதோறும் கடற்பறவைக் குஞ்சு பிடிக்க வரும் மாவோரிக் குடும்பங்கள் தங்கள் குடிசைகளில் எலிகள் மொய்ப்பதைக் கண்டு தகவல் சொன்னார்கள். எலியால் ஒரு பறவையினமே அழியுமா என்று அறிவியலாளர்களுக்குள் அப்போது ஒருமித்த கருத்து இல்லை. இயற்கை தானே சமன்படுத்திக்கொள்ளும், நாம் கைவைக்கக் கூடாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வனவிலங்குப் பிரிவின் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. சேடில்பேக் என்ற பறவையில் 36ஐப் பிடித்துப் பக்கத்துத் தீவுகளுக்கு மாற்றினார்கள். தென் தீவு சேடில்பேக் இன்று உயிரோடு இருப்பது அந்த 36இன் வழியாகத்தான். ஆனால் புதர் ரென் என்ற சின்னஞ்சிறு பறவையும், அங்கே மட்டுமே எஞ்சியிருந்த உள்ளான் வகையும், பெரிய குட்டைவால் வௌவாலும் தப்பவில்லை. எலிகள் தாங்கள் பாட்டுக்கு வாழ்ந்தன, அவ்வளவுதான். அவற்றுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. மூன்று இனங்கள் உலகத்திலிருந்தே போய்விட்டன. எலியைக் கொல்வது பாவமில்லை என்று நான் வாதாட வரவில்லை. கொல்லாமல் சும்மா நிற்பதற்கும் ஒரு கணக்கு உண்டு, அதில் அழியும் உயிர்கள் நம் கண்ணில் படாததால் அது பாவமாகத் தோன்றுவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

காக்காப்போவுக்கு வருகிறேன். 1970களில் எஞ்சியிருந்தவை தென்மேற்கு மலைகளில் சில ஆண் கிளிகள் மட்டுமே என்று கருதப்பட்டது. 1977இல் ஸ்டூவர்ட் தீவில் பெண் கிளிகளும் உள்ள ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் பூனைகள் வேட்டையாடிக்கொண்டிருந்தன. ஆகவே கிடைத்த பறவைகளையெல்லாம் எதிரிகள் அகற்றப்பட்ட தீவுகளுக்கு மாற்றினார்கள். 1995இல் உலகத்தில் இருந்தவை 51. 2022இல் அந்த எண்ணிக்கை 252ஐத் தொட்டது. ஒவ்வொரு கிளிக்கும் பெயர் உண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் வானொலிக் கருவி உண்டு. ரிமு மரம் அமோகமாகக் காய்க்கும் ஆண்டுகளில், அதாவது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான், அவை இனப்பெருக்கம் செய்யும். முட்டைகளில் ஏறத்தாழப் பாதி கருவுறாதவை. 2019இல் எழுபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன என்று மகிழ்ந்த அதே பருவத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோய் பரவி ஒன்பது கிளிகள் இறந்தன.

இந்த வேலையில் நான் மதிப்பது வெற்றியின் எண்ணிக்கையை மட்டுமல்ல, தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் நேர்மையை. பெண் கிளிகள் அடிக்கடி முட்டையிட வேண்டும் என்று அவற்றுக்குக் கூடுதல் தீனி கொடுத்தார்கள். அதில் யாருக்குக் குறை தெரியும்? ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த தாய்களுக்கு ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறந்தன. பெண் பறவைகளே அரிதாக இருந்த ஓர் இனத்துக்கு அது அன்பின் பெயரால் செய்த கேடு. உயிரியல் கோட்பாடு ஒன்று அதை ஏற்கெனவே எதிர்பார்த்திருந்தது. அதைக் கையில் எடுத்து, தாய்களின் எடையைக் கவனித்துத் தீனியை அளந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 2002இல் 24 குஞ்சுகள் தேறின. ஆண்பெண் விகிதமும் நேரானது.

இதைவிட என்னை உலுக்கியது சாத்தம் தீவுகளின் கருப்பு ராபின். நியூசிலாந்திலிருந்து கிழக்கே கடலில் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவுக்கூட்டம் அது. 1980இல் அந்தப் பறவை மொத்தம் ஐந்தே ஐந்து. அதில் முட்டையிட்டு வந்த பெண் ஒன்றே ஒன்று. காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் அதற்கு ஓல்ட் புளூ என்று பெயர். பறவைப் பாதுகாப்பாளர் டான் மெர்ட்டனும் அவருடைய குழுவும் அதன் முட்டைகளை எடுத்து டாம்டிட் என்ற வேறொரு பறவையின் கூட்டில் வைத்தார்கள். முட்டை போன தாய் மீண்டும் இட்டது. வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த குஞ்சுகள் தங்களை டாம்டிட் என்றே நினைத்துக்கொள்ளும் ஆபத்து இருந்ததால், இறக்கை முளைத்துக் கூட்டை விடுவதற்குள் சொந்த இனத்தின் கூட்டுக்குத் திருப்பி வைக்கவும் வேண்டியிருந்தது. இன்று உயிரோடிருக்கும் முந்நூறு வாக்கிலான ராபின்கள் அனைத்தும் அந்த ஒரு தாயின் வழித்தோன்றல்கள்.

1984இல் ஒரு பெண் ராபின் முட்டையைக் கூட்டின் குழியில் இடாமல் விளிம்பில் இட்டது. விளிம்பில் கிடக்கும் முட்டையை அது அடைகாக்காது. முட்டை குளிர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொரு முட்டையும் பொன்னாக இருந்த காலம். களப்பணியாளர் விரலால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பழக்கம் மரபுவழி வருவது. இயற்கை கழித்துக்கட்டியிருக்கக்கூடிய ஒரு குறை, அந்த விரலின் தயவால் அடுத்த தலைமுறைக்குப் போனது; சில ஆண்டுகளிலேயே பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவை விளிம்பில் முட்டையிட்டன. மனிதர் கூடுகூடாகப் போய் முட்டை தள்ளினால்தான் இனம் பிழைக்கும் என்ற நிலை நெருங்கியபோது, அவர்கள் கையை விலக்கிக்கொண்டார்கள். முட்டைகள் கண்ணெதிரே கெட்டன. பொறுத்துக்கொண்டார்கள். 2011 வாக்கில் அந்தப் பழக்கம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. முட்டையைத் தள்ளிய விரலைவிட, தள்ளாமல் அடக்கிக்கொண்ட விரலுக்குத்தான் அதிகத் துணிவு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

நஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதர் கால் எட்டாத மலைக்காடுகளில் பத்து எண்பது என்ற நஞ்சு கலந்த தீனியை ஹெலிகாப்டரிலிருந்து தூவுகிறார்கள். எதிர்ப்பவர்கள் நிறைய. நாய்கள் சாகின்றன, கேயா என்ற மலைக்கிளியும் சில இடங்களில் செத்திருக்கிறது. அந்த இழப்பைச் சிறிதாகக் காட்டுவது தவறு, கேயாவை நேரில் பார்த்தவர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார். ஆனாலும் நஞ்சு போடாத காடுகளில் ஸ்டோட்டுகள் கேயாவின் கூடுகளைப் பெருமளவில் சூறையாடுவதைக் கணக்கில் எடுத்தால், இன்றைக்கு வேறு வழி இல்லை என்பதே என் முடிவு. நாளை வேறு வழி வந்தால் முதல் ஆளாக வரவேற்பேன்.

2016இல் அரசு, 2050க்குள் எலி, ஸ்டோட், போசம் என்ற மரமேறும் பைப்பாலூட்டி ஆகியவற்றை நாடு முழுவதிலிருந்தும் அகற்றுவோம் என்று அறிவித்தது. 2025இல் அதற்கென அமைத்த அரசு நிறுவனத்தை மூடி, பணியை இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைப்பதாகச் சொன்னது. சிக்கனம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிமு காய்ப்பது தேர்தல் கணக்குப் பார்த்தல்ல; ஒரு தீவில் ஐந்து ஆண்டு காவலைத் தளர்த்தினால் ஐம்பது ஆண்டு வேலை ஒரு சினைப்பட்ட எலியோடு போய்விடும். 2023இல், தென் தீவின் மாவோரிக் குலமான ஙாய் தாஹு மக்கள் தங்கள் செல்வமாகக் கருதும் காக்காப்போ கிளிகளில் சில, அவர்களின் இசைவோடு, வடதீவில் 47 கிலோமீட்டர் வேலி சூழ்ந்த மாங்கடௌடரி மலைக்குக் கொண்டுவரப்பட்டன. சில வேலியைக் கடந்து வெளியே போய்விட்டன, தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். தீவுகளில் இடம் நெருக்கடியாகிவிட்ட ஒரு பறவையை மீண்டும் பெருநிலத்தில் வாழவைக்கப் பழகும்போது இப்படித்தான் இருக்கும்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், மாலையில் எங்கள் மாடிக் கைப்பிடியில் ஒரு காக்கா கிளி வந்து உட்கார்ந்தது. பெயர்தான் காக்கா, பழுப்பு நிறக் காட்டுக்கிளி அது. இந்த நகரத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் இல்லாமல் போயிருந்த அந்தப் பறவையை 2002இல் ஜீலாண்டியா என்ற வேலியிட்ட பள்ளத்தாக்கில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு திரிகிறது. அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பொறி வையி. ஆனா புதைக்கும்போது ஒரு பூவைப் போட்டுப் புதை" என்றார். போட்டுத்தான் புதைக்கிறேன்.

வெலிங்டனில் இருக்கும் நம்மவர்களில் பின்புறத் தோட்டம் உள்ளவர்கள் ஒரு பெட்டி வைக்க முன்வந்தால், மரப்பெட்டி செய்து தர நான் தயார். எப்படி வைப்பது, எவ்வளவு நாளுக்கொருமுறை பார்ப்பது என்பதையும் வந்து காட்டித் தருகிறேன். பூனை வளர்ப்பவர்கள் இரவில் அதை வீட்டுக்குள் வைத்திருங்கள். பழத்தோல்களைத் திறந்த உரக்குழியில் போடாமல் மூடி போட்டு வையுங்கள். எலி முதலில் வருவது அங்கேதான்.