கண்ணாடி போட்டால் ஏற்காது, கழற்றினால் தெரியாது

இன்று காலை கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. விமான நிலையக் குடியேற்றச் சோதனையின் தானியங்கி வாயிலில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். கீழே பல் தெரியச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. நான்கு நாட்களாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பொங்கிவிட்டது. என் அம்மாவை அழவைத்துவிட்டு நட்சத்திரம் கேட்கிறார்கள்.

கருவிழியைப் படம் பிடிக்கும் அந்த எந்திரத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நீங்களும் அதன் முன்னால் நின்றிருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் அம்மாவோ மாமியாரோ நின்றிருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எந்த வீட்டுக்கும் இது புதிய கதை இல்லை.

வளைகுடாவில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்து, அம்மா ஒன்றரை மாதம் உடனிருந்து பார்த்துக்கொண்டார். திரும்பி அழைத்துவர நான் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இருபது வருடம் மாங்கூழ்த் தொழிற்சாலையில் பழம் நறுக்கியவர். மாங்காய்ப் பாலும் கத்தியும் சேர்ந்து தின்ற விரல்களில் ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் அவர் எத்தனை நாள் வெறும் பையோடு திரும்பியிருக்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். அதனால் விரலைக் கேட்காமல் கண்ணைக் கேட்கும் எந்திரம் என்று தங்கை சொன்னபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை செய்து மூன்று வருடம் ஆகிறது. போகும்போது அந்த நாட்டுக் குடியேற்றக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண் நிதானமாக இரண்டு மூன்று முறை முயன்று அம்மாவின் கண்ணைப் பதிந்துகொண்டார். அப்போது சிக்கல் இல்லை.

திரும்பும்போது கவுன்ட்டர்களில் ஒன்றைத் தவிர எல்லாம் மூடியிருந்தது. அந்த ஒன்றுக்கும் கயிறு கட்டியிருந்தார்கள். சீருடை போட்ட இளைஞர் ஒருவர் எல்லோரையும் தானியங்கி வாயில்கள் பக்கம் கையசைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மாவோடு நானும் சேர்ந்து போகிறேன் என்று கேட்டேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்றார். பக்கத்து வாயிலில் என்னை விட்டார்கள். எனக்குப் பத்து நொடியில் கதவு திறந்தது. வெளியே வந்து திரும்பிப் பார்க்கிறேன், அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் திரும்பிப் போகவும் வழியில்லை.

அம்மாவின் பாஸ்போர்ட்டை அந்த இளைஞரே வாங்கி எந்திரத்தில் வைத்தார். முதல் கதவு திறந்தது. அம்மா உள்ளே நுழைந்ததும் பின்னால் மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கே அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஆளுயரத்துக்கு ஒரு தூண், அதில் ஒரு திரை, அதற்கு மேல் பச்சை வட்டம். எந்திரம் அரபியில் பேசியது, பிறகு ஆங்கிலத்தில் பேசியது. அம்மா குரல் வந்த திசையைத் தேடிக் கூரையைப் பார்த்தார். சிவப்பு விளக்கு.

"அம்மா, பச்சை வட்டத்தைப் பாருங்கள்" என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். பச்சை வட்டத்தைப் பார்த்தார், நன்றாகத் தெரியட்டும் என்று ஓர் அடி முன்னால் போனார். மிகவும் அருகில் வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள் என்றது எந்திரம். அது அவருக்குப் புரியவில்லை, நான் சைகை காட்டினேன். பின்னால் நகர்ந்தார், முதுகு கதவில் பட்டது. சிவப்பு விளக்கு. அடுத்தது மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. கழற்றினார். கழற்றியதும் பச்சை வட்டம் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டால் எந்திரம் ஏற்கவில்லை. கழற்றினால் எந்திரத்தையே அவரால் பார்க்க முடியவில்லை. இதை உருவாக்கிய இடத்தில் கண்ணாடி போட்ட கிழவி ஒருத்தியைக்கூட யாரும் நிறுத்திப் பார்க்கவில்லையா?

கண்ணை அகலமாகத் திறக்கச் சொன்னது. எழுபத்திரண்டு வயதில் இமை தொங்கத்தான் செய்யும். அவரால் முடிந்த அளவுக்குப் புருவத்தைத் தூக்கித் திறந்தார், நெற்றி முழுக்கச் சுருங்கியது. போதவில்லை. உடனே ஆதார் எடுத்த நாள் அவர் நினைவுக்கு வந்திருக்கிறது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் பதிந்தபோது, அங்கே இருந்த பையன் "இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள் பாட்டி" என்று இமையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதேபோல இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை முகத்தை மறைக்கிறது, கையை எடுங்கள் என்றது எந்திரம். கையை எடுத்தார், இமை விழுந்தது. சிவப்பு விளக்கு. குளிருக்குத் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்க்கச் சொல்லி நான் சைகை காட்டினேன். அவிழ்த்தார். சிவப்பு விளக்கு. இந்த முறை விளக்கோடு ஒரு மணியும் அடித்தது.

அந்த மணியை நான் மன்னிக்கவே மாட்டேன். கடையில் திருடியவரைப் பிடித்தால் அடிக்கிற மணி அது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர் ஒருவர் உச்சுக்கொட்டினார். அம்மா வெளியே வந்து, அந்த இளைஞரைப் பார்த்துக் கைகூப்பினார். வாழ்நாளில் யாரிடமும் கடன் கேட்டுக்கூடக் கைகூப்பாதவர். இளைஞர் ஒன்றும் சொல்லாமல் ஏழாம் எண் வாயிலைக் காட்டினார்.

ஏழாம் வாயிலிலும் இதேதான் நடந்தது. அதற்குள் அம்மாவுக்குக் கண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. நனைந்த கண்ணில் விளக்கொளி பட்டு மின்னினால் எந்திரத்துக்கு இன்னும் கடினம். துடைத்தால் கண் சிவக்கிறது, துடைக்காவிட்டால் மின்னுகிறது. "நான் என்ன தப்பு செய்தேன் கண்ணு?" என்று கண்ணாடி வழியாக என்னைக் கேட்டார். குரல் கேட்கவில்லை, உதட்டசைவில்தான் புரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து இன்னொரு சீருடைக்காரர் வந்து, இங்கே நிற்கக் கூடாது, விமானத்துக்குப் போங்கள் என்று என்னை விரட்டினார். என் அம்மா உள்ளே நிற்கிறார் என்றேன். அவர் வருவார், நீங்கள் போங்கள் என்றார். நகர மாட்டேன் என்று நின்றுவிட்டேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான், எந்த நாட்டுக்காரரோ தெரியாது, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தார். அவருக்கு வேண்டுமானால் ஐந்து நட்சத்திரம் தருகிறேன்.

நாற்பது நிமிடம் கழித்து, மூடிய கவுன்ட்டருக்குப் பின்னால் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார். கயிற்றை அவிழ்த்தார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்தார், படத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இருபது நொடி. நாற்பது நிமிடம் எழுபத்திரண்டு வயதுக்காரரைக் கூண்டில் நிற்கவைத்தது இந்த இருபது நொடியை மிச்சம் பிடிக்கத்தான். அதன் பிறகு நாங்கள் ஓடிய ஓட்டத்தில் அம்மாவின் செருப்பு வார் அறுந்தது.

ஊருக்கு வந்து தூக்கம் வராத இரவில் இந்த எந்திரத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கருவிழியின் கோலம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது, ஒருவருடைய இடக் கண்ணும் வலக் கண்ணும்கூட ஒன்றுபோல இருப்பதில்லை. இதை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று 1987-இல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் இருவர் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கான கணக்கை எழுதியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன், அவருடைய காப்புரிமை 1994-இல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்து, 0, 1 என்ற 2048 பிட் கொண்ட குறியீடாக மாற்றி, முன்பு பதிந்ததோடு ஒப்பிடுகிறார்கள். அருமையான அறிவியல், நான் மறுக்கவில்லை.

ஆனால் இமை மூடினால் கோலம் மறைகிறது. புரை அறுவை சிகிச்சையில் கண்மணியின் வடிவம் கொஞ்சம் மாறலாம். மூக்குக்கண்ணாடியில் ஒளி எதிரொளிக்கிறது. இந்த மூன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இமை தொங்குவதும், புரை அறுப்பதும், தடித்த கண்ணாடி போடுவதும் யார்? கிழவர்களும் கிழவிகளும்தான். இன்னொன்றும் படித்தேன். எத்தனை தூரம் ஒத்துப்போனால் கதவைத் திறக்கலாம் என்பதை எந்திரம் முடிவு செய்வதில்லை, மனிதர்கள் வைக்கிற வரம்பு அது. தவறான ஆள் ஒருவர் உள்ளே போய்விடக் கூடாது என்று வரம்பை இறுக்கினால், சரியான ஆட்கள் சிலர் வெளியே நிற்பார்கள் என்று தெரிந்தேதான் இறுக்குகிறார்கள். சரி, இறுக்கட்டும். நிற்கப்போகிறவர்களுக்கு ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஓர் ஆளும் வைக்க வேண்டாமா? தோற்றது எந்திரம். மணி அடித்தது என் அம்மாவுக்கு.

பிரிட்டன் இதே கருவிழி வாயில்களை வைத்துப் பார்த்தது. விருப்பப்பட்டுப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் வைத்தார்கள், அப்படியும் 2013-இல் முழுவதுமாகக் கைவிட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிடும் வாயில்களுக்கு மாறிவிட்டார்கள். நம் நாட்டிலும் விரைவுக் குடியேற்ற வாயில்கள் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூரு உட்பட இன்னும் ஏழு விமான நிலையங்களுக்கு வந்துவிட்டன. அங்கே கைரேகையும் முகமும் கேட்கிறார்கள். ரேகையே இல்லாத என் அம்மா அங்கே என்ன செய்வார்? கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கிறவர்களின் விரல்களைப் பாருங்கள், அவர்கள் என்ன செய்வார்கள்? இப்போதைக்குப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான், கவுன்ட்டர்கள் இருக்கின்றன. வளைகுடாவிலும் கவுன்ட்டர்கள் இருந்தன. கயிறு கட்டத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் ரேஷன் கடையிலும் இப்போது கருவிழிக் கருவி இருக்கிறது. கைரேகை விழாவிட்டால் கடைக்காரரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவார். வெயில் படாத இடமாகப் பார்த்து அம்மாவை நிறுத்தி, "இங்கே பாருங்கள் ஆயா, சிமிட்டாதீர்கள்" என்று தமிழில் சொல்லி, கருவியை அவர் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். நான்கு முறை விழாவிட்டாலும் ஐந்தாம் முறை பிடிப்பார். அரிசியும் பருப்பும் கொடுக்கிற இடத்தில் கருவி மனிதரிடம் வருகிறது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய பளிங்கு மண்டபத்தில் கிழவி கருவிக்கு ஏற்ப வளைய வேண்டியிருக்கிறது.

குழந்தைக்கு முதல் பிறந்த நாளுக்கு வரச் சொல்லித் தங்கை நேற்று கூப்பிட்டாள். அம்மா வர மாட்டேன் என்றுவிட்டார். "என் கண் கெட்டுப்போச்சாம், அந்தப் பெட்டி சொல்கிறது, நீங்களே இங்கே வாருங்கள்" என்றார். கெட்டுப்போகவில்லை அம்மா, மருத்துவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாரே என்று எத்தனை முறை சொல்லியும் அவர் நம்பவில்லை. ஊசியில் நூல் கோக்கிறவர், இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கோக்கச் சொல்கிறார்.

இதை எழுத எழுத இன்னொன்றும் வயிற்றைப் பிசைகிறது. விடிகாலையில் பெங்களூரில் இறங்கினோம். அங்கே கவுன்ட்டரில் இருந்தவர் அம்மாவைப் பார்த்து, முத்திரை குத்தி, "ஹோகி அம்மா" என்று கன்னடத்தில் அனுப்பினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் கிருஷ்ணகிரிக்கு வந்து சேர நான்கரை மணி நேரம். மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை நிறுத்தித் தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். எண்பது வருடத்துக்கு மேலாகிறது, ஒவ்வொரு தேர்தலிலும் வரும் வரும் என்கிறார்கள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியும் உட்கார இடம் இல்லை. ஓசூரில் கல்லூரிப் பையன் ஒருவன் இறங்கும்போதுதான் அவருக்கு ஓர் இருக்கை கிடைத்தது. உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சூளகிரி தாண்டும்வரை கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.