கக்கும் பேனாவும் காணாமல் போன பதிலும்

அப்பாவின் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவைப் போன மாதம் பரணிலிருந்து எடுத்தேன். ஒரு காலத்தில் கன்னங்கரேலென்று இருந்தது, இப்போது பாசி நிறம். கழுவித் துடைத்து, ஃபில்லரால் மை ஊற்றினால் வெண்ணெயாக எழுதியது. நாலாம் நாள் மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கக்கியது. வங்கிப் படிவத்தின் நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசளவு.

படம் எடுத்து இங்கே முகநூலில் ஒரு பேனாக் குழுவில் போட்டுக் காரணம் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் நூறு லைக். 'செம சார்', 'விக்கிற ஐடியா இருக்கா?', 'நானும் ஸ்கூல்ல ஹீரோ பேனா வெச்சிருந்தேன்'. கேள்வியை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாம் நாள், பேனா பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் நாலே வரியில் பதில் சொன்னார். இதயம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தேடினால் குழுவில் ஆயிரம் பேனாப் படம் வருகிறது, அந்த நாலு வரி மட்டும் வரவில்லை.

அப்புறம் கூகுளில் துழாவி ஃபவுன்டன் பென் நெட்வொர்க்கில் போய் விழுந்தேன். பேனாப் பிரியர்களின் ஆங்கில மன்றம். என் பேனாவின் வியாதி அங்கே என்றைக்கோ அலசப்பட்டிருந்தது. மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்கிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையை நிப்புக்கு அடியிலுள்ள நாக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே ரொப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். மரையில் சிலிக்கோன் கிரீஸ் தடவச் சொல்கிறார் ஒருவர். அது கசிவுக்குத்தான் மருந்து, கக்கலுக்கு இல்லை என்கிறார் இன்னொருவர். கேள்வி கேட்டவரே சில மாதம் கழித்து வந்து, என்ன செய்தேன், என்ன ஆனது என்று எழுதி வைத்திருக்கிறார்.

மன்றத்தில் பழைய கேள்விக்குப் புதிதாக யாராவது பதில் எழுதினால் பழசும் சேர்ந்து மேலே வரும். முகநூலில் அதே கேள்வி வாராவாரம் புதிதாகப் பிறக்கிறது. விஷயம் தெரிந்தவர் முதல் தடவை விளக்குவார், இரண்டாம் தடவை சுருக்கமாகச் சொல்வார், ஐந்தாம் தடவை பேசாமல் போய்விடுவார். கடைசியில் மிஞ்சுவது வாங்கிய பேனாவை வரிசையாக அடுக்கிக் காட்டும் கூட்டம். (நானும் அடுக்கியிருக்கிறேன். பதினோரு பேனா.)

மன்றம் ஒன்றும் சொர்க்கமில்லை. புதுசாக வந்தவன் வாயைத் திறந்தால் 'முதலில் தேடிப் பார்' என்று வள்ளென்று விழுவார்கள். சாசுவதமும் கிடையாது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ் இணையக் குழுக்கள் எல்லாம் இயங்கிய யாஹூ குழுமங்களை 2020 டிசம்பரில் ஒரேயடியாக மூடினார்கள். 2017-ல் படங்களைச் சேமித்துவைக்கும் தளமான போட்டோபக்கெட், பிற தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 400 டாலர் கேட்டது. எத்தனையோ பொழுதுபோக்கு மன்றங்களில் படங்கள் வெற்றுக் கட்டங்களாயின. 'படத்தில் உள்ளபடி கழற்றவும்' என்று இருக்கும், படம் இருக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. திருவள்ளூரில் கடைசல் பிடிக்கும் ரங்கா பேனாவைப் பற்றி அந்த மன்றத்தில் வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நம் பெரியவர் அந்தப் பக்கமே போக முடியாது, ஆங்கிலம் தெரியாது. அவர் கைத்தொழில் தமிழில் இருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு வாய்த்த இடம் முகநூல். சொன்ன மூன்றாம் நாளே கீழே போய்விடுகிற இடம்.

மெசஞ்சரில் அவரைப் பிடித்தேன். "இதையே பத்துப் பேருக்குச் சொல்லிட்டேன் தம்பி" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே ஏழு நிமிஷக் குரல்பதிவு அனுப்பினார். நாக்கைக் கழற்றுவது, வெந்நீர் எந்த அளவு சூடு, எபோனைட்டை ஏன் ரொம்ப நேரம் ஊறப்போடக் கூடாது, எல்லாம் இருக்கிறது. அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்பா பேனாவில்தான். மை மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் எழுந்துபோய் ரொப்பிக்கொள்கிறேன்.