வீட்டு சேர்வரில் ஹோஸ்டிங் விற்பது பற்றி ஒரு திருத்தம்

“வீட்டு ஃபைபர் லைனும் பழைய கொம்பியூட்டரும் போதும், ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, நாளைக்கே காசுக்கு ஹோஸ்டிங் தொடங்கலாம்” என்று உப்புவெளித் தம்பி என்ற பெயரில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஹோஸ்டிங் என்றால் பிறரின் இணையத்தளங்களை நம் சேர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கொம்பியூட்டரில், வைத்துக் கொடுப்பது. அவர் சொல்வது பாதிதான் சரி. வீட்டில் சேர்வர் வைத்திருப்பது குற்றமில்லை. சிக்கல் முதலில் வருவது நீங்கள் கையெழுத்து வைத்த இணைப்பு ஒப்பந்தத்தில். வீட்டுப் பக்கேஜ்களில் வணிகப் பாவனைக்கும் மறுவிற்பனைக்கும் பெரும்பாலும் தடை போட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தை ஒருவரும் வாசிப்பதில்லை.

அடுத்த சிக்கல் முகவரியில். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் வெளிப்பக்க (WAN) ஐபி முகவரியை, அதாவது இணைப்பு நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். போர்ட் ஃபோர்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உங்கள் சேர்வருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தாலும் வெளியாள் உங்கள் சேர்வருக்கு நேரே வர முடியாது. மாறாத, உங்களுக்கே உரிய பொது ஐபியோடு வணிக இணைப்புத்தான் கேட்க வேண்டும்.

சொந்தப் பெயரில் இல்லாமல் கடைப்பெயர் வைத்து நடத்தினால், இலங்கையில் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவு வேண்டும். அது பெரிய வேலையில்லை.

தரவுதான் பாரம். ஒரு கிளினிக்கின் தளத்தை ஏற்றினால் நோயாளிகளின் விபரம் உங்கள் அறையில் இருக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருக்காகத் தரவை வைத்திருப்பவரையும் பொறுப்பாளியாகவே பார்க்கிறது. மாரியில் கரண்ட் போய் டிஸ்க் பழுதானால், தம்பி, பக்கப் (தரவின் மாற்றுப் பிரதி) எங்கே என்றுதான் கேட்பார்கள். விற்கத்தான் வேண்டுமென்றால் விபிஎஸ் (VPS, ஒரு நிறுவனத்தின் பெரிய சேர்வரில் உங்களுக்கெனப் பிரித்துத் தரும் பகுதி) வாடகைக்கு எடுத்து, மறுவிற்பனைக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.